பதினேழாம் தகரம்

அறிக்கைப் படிவம் மடியில் கிடக்கிறது.
சந்தித்த வீடுகள்: நாற்பத்தொன்று.
கொடுத்த கைப்பிரதிகள்: முந்நூறுக்கு ஆறு குறைவு.
அந்த ஆறிலும் ஒபேத் கச்சான் சுற்றித் தின்றான்.
மனந்திரும்பியோர் என்ற கட்டத்துக்கு மேல்
பேனை நெடுநேரம் நின்றது.
மை ஊறி ஒரு பொட்டு விழுந்தது.

இன்று காலை மயிலிட்டிப் பள்ளிக்கூட மண்டபத்தில்
பதினொரு ஆம்பிளைகள் பாய் சுருட்டினோம்.
ஏழு இரவுக் குறட்டையில்
எது எவருடையது என்று
கண்மூடிக்கொண்டே சொல்லுமளவுக்கு
ஒருவரையொருவர் அறிந்துவிட்டோம்.
வங்கி மனேச்சர் டெரன்ஸ்
சாரத்தை மடித்துக் கட்டப் பழகியிருந்தார்.
போதகர் தேவவரத்தின் பெருவிரல் நகம் கறுத்திருந்தது.
சுத்தியல் பட்ட அந்தக் கணம் அவர் சொன்ன வார்த்தை
வேதாகமத்தில் எங்கும் இல்லாதது.
அன்றிரவு நாங்கள் அவரைக்
கொஞ்சம் கூடுதலாகவே நேசித்தோம்.

முதல்நாள்,
இருபத்தேழு வருஷம் முள்வேலிக்குள் கிடந்த காணியில்,
வேம்பு முளைத்த அறையொன்றின் நடுவில் நின்று
ஒளி கொண்டு வந்திருக்கிறோம் என்று பேசினேன்.
ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு
ஒற்றைக்காலில் நின்று முழுவதும் கேட்டார்
புவிராசசிங்கம் அண்ணை.
"வெளிச்சம் காணும் தம்பி,
கூரைதான் இல்லை" என்றார்.

அதற்குப் பிறகு நான் பிரசங்கிக்கவில்லை.
தகரம் தூக்கினேன்.

வெள்ளிக்கிழமை
தவமலர் அக்கா விளைமீன் பொரித்துத் தந்தா.
வீட்டுக்கு வெளியே, மூன்று கல் வைத்து,
புதிதாய் வாங்கிய சட்டியில்.
கை கழுவும்போதுதான் கண்டேன்
நெற்றியில் திருநீறு,
உலர்ந்த உதடு, விரதம்.
எங்கள் நன்றிச் செபத்துக்கு அவவும் கண்களை மூடினா.
நான் மூடவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு மழை வந்தது.
எல்லாரும் ஒரே அறைக்குள் நெருக்கிக்கொண்டு
அண்ணாந்து நின்றோம்,
மேகம் மறைத்த பின்னும்
வானத்தையே பார்த்து நின்ற கலிலேயரைப் போல.
தகரம் முழங்கியது. ஒபேத் கைதட்டினான்.
பிறகு ஒரு சொட்டு.
ஒரே இடத்தில் இன்னொரு சொட்டு.

எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.
எட்டு மாதமாய்ப் பேசாத மகனின் இலக்கம்
சட்டைப்பைக்குள் அதிர்ந்து அதிர்ந்து அடங்க
எடுக்காமல், அந்தக் கோபத்தோடேயே
நான் அடித்த ஆணி அது.
மேட்டில் அடிக்க வேண்டியதைப்
பள்ளத்தில் அடித்திருக்கிறேன்.

தார் முடிந்துவிட்டது.
பஸ் ஏழு மணிக்கு.
ஏணியை எடுக்கப் போனேன்,
அண்ணை என் சாரத்தில் பிடித்தார்.
"மின்னுது, விடும் ஐசே.
முந்தி எங்க ஒழுகுது எண்டு ஆரும் கேக்கிறேல்லை.
எங்க ஒழுகேல்லை எண்டுதான் கேக்கிறது.
இப்ப ஒரே ஒரு இடம். அதுக்கு ஒரு வாளி."
ஊன்றுகோலால் வாளியைத் தள்ளி
சரியாக அந்த இடத்தில் நிறுத்தினார்.
தூக்கம் வராத இரவில்
துணைக்கு ஒரு சத்தம் இருக்கட்டும் என்றும் சொன்னார்.
பகிடியா, இல்லையா
என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கொடிகாமம் தாண்ட மகனுக்கு அழைத்தேன்.
எடுக்கவில்லை.
அவனுக்கும் கை நிறைய வேலை இருக்கலாம்.
அல்லது என் இலக்கத்தைக் கண்டு,
நான் பார்த்ததுபோலவே,
அது அடங்கும்வரை பார்த்திருக்கலாம்.

ஆனையிறவின் உப்புக்காற்று யன்னலால் வருகிறது.
பின்சீற்றில் குறட்டை. டெரன்ஸ்.
அந்தக் கட்டத்தில் பொட்டை அப்படியே விட்டேன்.
கீழே, குறிப்புகள் என்ற இடத்தில் எழுதினேன்:
பதினேழாம் தகரம், தெற்குப் பக்கம், மூன்றாம் ஆணி.
மாரி முற்றுவதற்குள்
தாரோடு யாராவது திரும்பிப் போகவேண்டும்.

பஸ் குலுங்கியது.
யாராவது என்பதை வெட்டினேன்.