வேகம்: பூஜ்யம்

பானெட்டின் மேல் வைத்த டீ
விளிம்புக்கு நடந்து வந்துவிட்டது.
அவ்வளவு உதறல்.
எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டேன்:
எப்போதிருந்து?

"ஓடிக்கினுதான் இருந்தேன்க்கா. எண்பதுல.
பள்ளிகொண்டா டோல்கேட்டாண்ட
படக்குனு ஒரு வெட்டு. அப்பலேர்ந்து இப்டிதான் கீது."
முனிரத்தினம் இதைச் சொல்லும்போது
நின்றிருந்த வண்டியின் ஸ்டியரிங்கை
இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு, மே மாதம், மூன்று மணி.
ஸ்பானரைத் துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும்.
டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து
ஸ்கேனரைச் செருகினேன்.
திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு
பி 0302.

இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
எதிர்வீட்டில் விளக்கு எரியலையே என்று
சொல்லிவிட்டுப் போகிறவன் மாதிரி.
ஃபியூஸ் போயிற்றா, பில் கட்டவில்லையா,
ஆளே ஊரில் இல்லையா
என்பதெல்லாம்
நாம் போய்க் கதவைத் தட்டித்தான்.

"காயில் மாத்திடலாமா? எவ்ளோ ஆவும்?"
இருங்க என்றேன்.
இரண்டின் காயிலை மூன்றுக்கும்
மூன்றின் காயிலை இரண்டுக்கும் மாற்றி
கோடை அழித்தேன்.
(வேலூரில் என்னால் அழிக்க முடிந்த கோடை
அது ஒன்றுதான்.)
காயில் கெட்டிருந்தால் பழி மூன்றுக்குப் போகும்.
போகவில்லை. 0302.
பிளக்கை இடம் மாற்றினேன்.
0302.

நீள ஸ்க்ரூடிரைவரை இன்ஜெக்டரில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன்.
ஒன்றில் டிக் டிக் டிக்.
மூன்றிலும் நான்கிலும் அதேதான்.
இரண்டில் இல்லை.
பந்தி முழுக்கச் சாப்பிடும்போது
இலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது,
அழிப்பதற்கு முன் செல்லில் எடுத்து வைத்த படம்.
கோளாறு முதலில் வந்த நொடியை
வண்டி அப்படியே உறையவைத்து வைத்திருக்கும்:
இஞ்சின் சூடு 33.
கிளப்பி 41 விநாடி.
வேகம், பூஜ்யம்.

எண்பது இல்லை. டோல்கேட் இல்லை.
எங்கோ ஆறிக் கிடந்த வண்டியை
யாரோ அன்றைக்குத்தான் கிளப்பியிருக்கிறார்கள்.

திரும்பிப் பார்த்தேன்.
வெயில் சாய்ந்து முன்கண்ணாடியில் விழுந்தபோது
துடைத்தும் போகாத மஞ்சள் மார்க்கர் தெரிந்தது.
47. கீழே ஒரு தேதி.
தவணை நின்ற வண்டியை இழுத்துப் போய்
யார்டில் வரிசையாக நிறுத்தும்போது போடுகிற எண்.
தேதிக்குப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

மேனிஃபோல்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவினேன்.
உமி, ஸ்பாஞ்சுத் தூள், கடித்துத் துப்பிய ரசீதுக் காகிதம்.
அதற்கு நடுவில்
நகக்கண் அளவு செம்பு பளபளத்தது.

"எலி" என்றேன்.
"எலியா?"
ஓடுகிற வண்டியில் எலி கூடு கட்டாது.
அதை நான் சொல்லவில்லை.
அவர் ரோட்டில் போன ஆம்பூர் பஸ்ஸை
கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈயம் வைத்து ஒட்டி, ஸ்லீவ் போட்டு, டேப் சுற்றினேன்.
சாவியைத் திருப்பியதும்
நான்கும் சேர்ந்து மூச்சு விட்டன.
கோளாறு இல்லை என்றது ஸ்கேனர்.
ஆனால் கீழ்வரிசையில் ஐந்து கட்டத்தில்
தயாரில்லை, தயாரில்லை.
அழித்தால் அழித்தது தெரியும்.
நூறு கிலோமீட்டராவது ஓடினால்தான்
வண்டி தன்னைத் தானே மறுபடி நம்பும்.

"காலைல நாலரைக்கு காட்பாடிக்கா.
கல்கத்தா வண்டில வராங்கோ, ஆஸ்பத்திரிக்கு.
மீதி வியாழக்கிழமை குடுத்துடறேன்."

நோட்டில் எழுதினேன்:
வயர் ஒட்டு, 450. வரவு, 300.

பிறகு பஞ்சில் கொஞ்சம் தின்னர் நனைத்து
அவர் கேட்காமலேயே
முன்கண்ணாடியைத் தேய்த்தேன்.
நான்கு போய்விட்டது.
ஏழின் வால் மட்டும்
இன்னும் கொஞ்சம் இருந்தது.