ஸ்கேன் ஒரு பக்கம் முப்பது ரூபாய்

களுவாஞ்சிகுடி பிரதான வீதியில்
மருந்துக்கடையை ஒட்டி என் கொமினிகேசன்.
பட்டிருப்புப் பாலம் தாண்டி
பழுகாமத்திலிருந்து யதுர்சிகா சைக்கிளில் வந்தாள்.
பொலித்தீன் பையில் பதினொரு தாள்.
பிறப்புச் சான்றிதழ் மட்டும்
ஒரு மூலை நனைந்திருந்தது.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி.
டொக்டர் இல்லை, இஞ்சினியர் இல்லை.
வரலாறும் உயிரியலும் நாடகமும்
ஒரே பிள்ளை ஒன்றாகப் படிக்கலாமாம்.
"அப்ப முடிவில என்னவா வருவாய்?"
"அதத்தான் அங்க போய்ப் பாக்கணும்."

நூறு பேர் கேட்டால் ஒன்பது பேரை எடுப்பார்கள்.
வெளிநாட்டுப் பிள்ளை, முழுச் செலவும் அவர்களே தரவேணும் என்றால்
நூறில் இரண்டு.
பழைய மாதிரி வினாத்தாளின் பின்பக்கத்தில்
பென்சிலால் அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.
"அந்த ரெண்டில நான் ஒண்டாக்கா?"

எனக்கு இந்தக் கணக்கு வரும்.
பதினாறு வருடத்துக்கு முன்
வெட்டுப்புள்ளிக்கும் எனக்கும் நடுவில்
தசமத்துக்குப் பிறகு இரண்டு பூச்சியம், பிறகு ஒரு நாலு.
அந்த நாலை இன்னும்
எந்தக் கல்குலேட்டரிலும் சும்மா அழுத்துவதில்லை.

ஆகவே பார்த்தேன்.
வகுப்பில் முதலாம் பிள்ளை. நல்லது.
வகுப்பில் மொத்தம் ஐந்து பேர். அதையும் கேட்கிறார்கள்.
ஆங்கிலச் சோதனைக்குக் கொழும்புக்கு ஒன்பது மணித்தியாலம் பஸ்,
வாந்தியெடுத்த வயிற்றோடு எழுதியதற்கு
அந்தப் புள்ளி காணும்.
அதிபரின் கடிதத்தில் 'ஒழுக்கமான மாணவி' மூன்று தரம்.
எல்லே விளையாடியிருக்கிறாள், பிரதேச மட்டம்.
எல்லேயை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

தந்தையின் தொழில்.
அம்புக்குறியைத் தட்டினால்
விவசாயி முதல் விமானி வரை இறங்கி வருகிறார்கள்.
அவள் பையிலிருந்து எடுத்தது
காணாமற்போனமைச் சான்றிதழ்.
கண்ணாடியில் கவிழ்த்து மூடினேன்.
வெளிச்சம் அதன் கீழே
மெதுவாக நடந்து போனது.

"கட்டுரையில இத எழுதினியா?"
"இல்ல."
"பாடுமீன்?"
"அத எல்லாரும் எழுதுவாங்க கா."

அறுநூற்றைம்பது சொல்லும் முட்டை.
ஏழாம் நாள் இரவு டோர்ச்சுக்கு நேரே பிடித்தால்
சிவப்பு நரம்பு ஓடவேணும்.
ஓடினால் பெட்டிக்குள், ஓடாவிட்டால் வேலிக்கு.
பெட்டிக்கு நாற்பது வாட் குமிழ்,
கரண்ட் போனால் சுடுதண்ணீர்ப் போத்தல்.
இருநூற்றுப் பதினாலு முட்டை பார்த்து
மூன்றில் பிழை விட்டாளாம்.
கூமுட்டை என்று எறிந்த ஒன்று
வேலிக்கட்டையில் உடைந்தது.
உள்ளே, மிளகளவு ஒரு கண்.
அன்றிலிருந்து சந்தேகமானதை எறிவதில்லை.
கோதில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு
ஓரமாக வைக்கிறாள்.
கட்டுரை அவ்வளவுதான்.
அப்பா ஒரு வரியிலும் இல்லை.

அவரை வைத்தால்
நூறில் ஐந்தாகலாம், ஆறும் ஆகலாம்.
வாசித்துக் கண் துடைக்கிறவர்கள்
அந்த மேசையிலும் இருப்பார்கள்.
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் திரையில் சான்றிதழின் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"தெளிவா விழுந்திருக்கா? அது வருமானப் பகுதிக்கு மட்டுந்தான்."
வாயை மூடிக்கொண்டேன்.

முந்நூற்றி முப்பது. முந்நூறு வாங்கினேன்.
அனுப்புகிற பொத்தானை அவளே அழுத்தினாள்,
கல்முனை பஸ் ஹோர்ன் அடித்துக் கடக்கும்வரை
விரலை எடுக்காமல்.
"இப்ப சொல்லுங்களன், எத்தன?"
"ரெண்டு."
சிரித்தாள். "நானும் அதுதான் போட்ட நான்."

சைக்கிள் பாலத்துப் பக்கம் திரும்பிய பிறகு
அவளுடைய கோப்புக்குப் பெயர் வைத்தேன்.
பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி.
அந்தக் குறியை ஏற்க முடியாது என்றது கணினி.
பெயரை மட்டும் விட்டேன்.

கடை பூட்டுமுன் வாடிக்கையாளர் தாளெல்லாம்
ஒரே அழுத்தில் அழித்துவிடுவது வழக்கம்.
அன்றைக்கு ஒன்றை விட்டு
மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக அழிக்க
எட்டரை ஆகிவிட்டது.