நாற்பது நிமிடம்

சாவி என் இடுப்பில் இருந்தது.
மண்டபத்துக்குள் அரிசி, ஐந்து கிலோ மூட்டைகள், நூற்றெண்பது.
ரொட்டி, பால்மாவு, பெட்டி பெட்டியாய்த் தண்ணீர்.
"ஒய்பி எட்டு மணிக்கு வர்றாரு,
அதுவரைக்கும் ஒண்ணும் அசையக் கூடாது"
என்றார் தலைவர் போனில்.
பிறகு, "ஸ்டிக்கர் ஒட்டியாச்சா?"

ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன்.
சுங்கை பினாங் ஆறு
ஜாலான் பெராக்கில் ஏறி
கார்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ராத்திரியில்
மூட்டைகளைத் துடைத்துத் துடைத்து
ஒரே சிரிப்பை நூற்றெண்பது தடவை.
ஈரத்தில் எதுவும் பிடிக்கவில்லை.

இரண்டரை மணிக்கு கேட் ஆடியது.
இடுப்பளவுத் தண்ணீரில் தனபாக்கியம்.
போன தேர்தலில் அவள் கட்டிய கொடிகளை
ஏணி போட்டு அறுத்தவன் நான்.
என் மோட்டார் சீட்டைக் கிழித்தது அவள்தான் என்று
இன்னமும் நினைக்கிறேன்.
அவளுக்குப் பின்னால்
கதவு கழன்ற ஐஸ்பெட்டி ஒன்று மிதந்து வந்தது,
உள்ளே இரண்டு பிள்ளைகள்.
தள்ளியது ஆ லெங். குடை பிடித்தது ரொக்கியா.

"பால்மாவு இருக்கா?"

"இது எங்க தொகுதி ஆளுங்களுக்கு" என்றேன்.
பெயர், ஐசி எண் எழுதச் சொல்லி
கம்பி வழியே பாரத்தை நீட்டினேன்.
அவள் கையில் அது கூழானது.
சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.
கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.
சின்னது அழுதது.
அழுதுகொண்டே இருந்தது.
பிறகு அழவில்லை.

மூன்று பத்துக்குத் திறந்தேன்.

பூட்டு விழுந்த சத்தம்கூட அடங்கவில்லை,
ரொக்கியா அடுப்பைக் கண்டுபிடித்துவிட்டாள்.
தனபாக்கியம் என்னைவிட வேகமாய்ச் சுமந்தாள்.
பால் இறங்கியதும் சின்னது மறுபடி கத்தியது,
அப்பாடா என்றிருந்தது.
உரிந்த ஸ்டிக்கர் ஒன்று அதன் முழங்காலில்.
அங்கே மட்டும் நன்றாகப் பிடித்திருந்தது.

ஒய்பி எட்டரைக்குப் படகில் வந்தார்.
படம் எடுக்க ஒரு மூட்டை மிச்சமில்லை.
அட்டைப்பெட்டிகள் மேல் ஜனம் தூங்கியது.
கொஞ்ச நேரம் பார்த்தார்,
ஷூவைக் கழற்றினார்,
அவரும் நாலு வாளி சேறு அள்ளினார். அதையும் சொல்ல வேண்டும்.
செயலாளர் பதவியை மட்டும் அடுத்த மாதம் எடுத்துக்கொண்டார்கள்.

நல்ல காரியம் செய்தீங்க என்கிறார்கள் தாமானில்.
தனபாக்கியம் சொல்வதில்லை.
மார்க்கெட்டில் பார்த்தால்
"பசியாறியாச்சா?" என்கிறாள்,
காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு போய்விடுகிறாள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று
எண்ணியவள் அவள்தானே.