எதிர்பார்த்தது ஞாயிறு

எமயோகி ஆற்றில் பனி முழுதாய்ப் பிடிக்காத நவம்பர்.
தார்த்து நகரம், நான்காம் மாடி.
வெப்பக்குழாய் மேல் காய்கின்றன கையுறைகள்.
திரையில் சிவப்பாய் ஒற்றை வரி:
எதிர்பார்த்தது ஞாயிறு. வந்தது சனி.

நான் தொட்டது ஓர் எண்ணை மட்டும்.
இரண்டே இலக்கத்தில் ஆண்டு வந்து நின்றால்
எந்த நூற்றாண்டில் கொண்டுபோய் விடுவது
என்று தீர்மானிக்கும் எண்.
முப்பதுக்குக் கீழே என்றால் இந்த நூறு,
மற்றதெல்லாம் போன நூறு.
யூலோ எழுதியது. பக்கத்தில் ஒரு குறிப்பு:
“2030க்குள் யாராவது வந்து மாற்றிவிடுவார்கள்.”
அந்த யாராவது
முந்தாநாள் வரை வேறு யாரோதான்.

இன்னும் ஐம்பது வருடம் தாங்கட்டும் என்று
எண்பதாக்கினேன்.
எழுபத்தொன்றில் சிவனே என்றிருந்த ஒரு நாள்
நூறு வருடம் தள்ளிப்போய் விழுந்தது.

14-11-71.
லீப் ஆண்டைச் சோதிக்கவும் அதுதான்,
கிழமையைச் சோதிக்கவும் அதுதான்.
நாற்பது கோப்புகளிலும்
அவர் கை அந்தத் தேதிக்கே போயிருக்கிறது.
கல்யாணமா, சாவா,
பட்டாளத்துக்குக் கூப்பிட்ட கடிதமா?
உப்புமீன் வைத்த கறுப்பு ரொட்டியைக் கடித்தபடி
மதியம் முழுக்க
அவருக்கொரு வாழ்க்கை கட்டிக்கொடுத்தேன்.

ஹீயுமா தீவில் இப்போது தேனீ வளர்க்கிறார்.
எழுதிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில்:
“சும்மா விரல் போன இடம், கைரே.
என்ன கிழமை அது?”

கட்டியதைக் கலைக்க மனம் வரவில்லை.

எண்ணை நகர்த்துவதை விட்டுவிட்டு
ஊகத்தையே எடுத்தேன். பதினொரு வரி.
இனி இரண்டு இலக்கத்தோடு வருகிறவரை
வாசலில் நிறுத்தி நிரலகம் கேட்கும்:
எந்த நூற்றாண்டு?

எங்கள் நாட்டில் அது புதிய கேள்வி இல்லை.
பிறந்த குழந்தைக்குத் தரும் எண்ணில்
முதல் இலக்கமே அதுதான்.
ஆணா பெண்ணா, எந்த நூறு,
இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும்.
நான் ஒரு நான்கு. என் மகள் ஆறு.

புதிய பதிப்பு வெளியான மறுநாள்
ஹாப்சாலுவிலிருந்து பல் மருத்துவமனை ஒன்று:
“நேற்றுவரை ஓடிய பதிவேடு நின்றுவிட்டது.
21 என்று எழுதியிருக்கும் நோயாளிக்கு
பால்பல்லா, கட்டுப்பல்லா?
நீங்களே சொல்லுங்கள்.”
கோபமாய்த்தான் எழுதியிருந்தார்கள்.
சிரித்து முடித்துப் பணிவாகப் பதில் போட்டேன்:
வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.
பார்த்துவிட்டு நான்கு இலக்கமாய் எழுதுங்கள்.

யூலோவின் சோதனையை அழிக்கவில்லை.
71க்கு முன்னால் 19 சேர்த்தேன்.
பச்சை விழுந்தது.
ஞாயிறு, என்று அவருக்குத் தெரிவித்தேன்.
“அப்படியானால் தூங்கியிருப்பேன்” என்றார்.

இன்று சனி. இங்கே சவுனா நாள்.
நுழைவுப் பதிவேட்டில் தேதி எழுதுகையில்
பழக்கதோஷத்தில் இரண்டு இலக்கம் போட்டபின்
பேனா நின்றது.
முன்னால் 20 சேர்க்கக் கட்டத்தில் இடமில்லை.
கோட்டுக்கு வெளியே,
துண்டோடு குளிரில் காத்திருப்பவன் மாதிரி
நிற்கிறது அது.