நோட்டீசுக்குப் பதில்

ராயக்கோட்டை ஸ்டேஷனுக்கு மேற்கே
வளைவு தொடங்கும் இடத்தில் பதினேழு வீடு.
ஆக்கிரமிப்பு என்று அச்சடித்து
வேப்பமரத்தில் ஆணியடித்திருக்கிறீர்கள்.
பதினைந்து நாளில் ஆவணம் வேண்டுமாம்.
தருகிறேன் ஐயா. வரிசையாக இருக்காது.

அகலப்பாதை போட ஆள் கேட்டு
ஓபுலேசு மேஸ்திரி பாலமூர் வந்தபோது
எனக்கு ஒன்பது வயசு.
மழை பொய்த்து மூன்றாம் வருஷம்.
முன்பணம் ஆளுக்கு நானூறு,
என்னைப்போல் எண்ணிக்கையில் வராதவர்களுக்கு
ஒரு பொட்டலம் காராசேவு.
சின்ன ரயிலில்தான் வந்தோம்.
சின்ன ரயிலின் பாதையைப் பிடுங்கத்தான் வந்தோம்.

இருக்க இடம் கேட்டதற்கு
ஓடாத சரக்குப்பெட்டி நான்கைக் காட்டினார்கள்.
பெட்டிக்கு மூன்று குடும்பம். நடுவே சேலைகள்.
வெயிலில் இரும்பு காய்ந்தால்
பிள்ளைகளை அடியில், சக்கரங்களுக்கு நடுவே
படுக்கப் போடுவார்கள்.
ரயிலுக்கு அடியில் தூங்கியவள் நான்.
காகிதத்துக்கு அவ்வளவாகப் பயமில்லை.

பாலக்கோட்டுப் பக்கமிருந்து
பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டே வந்தார்கள்.
பெட்டிக்கு முன்னால் பெயர்த்தார்கள்.
பெட்டிக்குப் பின்னால் பெயர்த்தார்கள்.
பெட்டிகள் நின்ற இடத்தில் மட்டும்
முப்பது முப்பதடி மிச்சம்.
அந்த வாரம்தான் மேஸ்திரி
இரண்டு மாசக் கூலியோடு காணாமல் போனான்.
அப்பா மூட்டை கட்டினார்.
பஸ்ஸுக்குக் காசில்லை.
வந்த பாதையை நாங்களே பிடுங்கிவிட்டோம்,
போகிற பாதை இன்னும் போட்டு முடியவில்லை,
அதை முடிக்க ஆள் வேண்டியிருந்தது,
வேறொரு மேஸ்திரி வந்தான்.
இப்படித்தான் குடியேறினோம்.
வேறு ரகசியம் இல்லை.

இந்தப் பக்கம் தெலுங்கு தெரியாதவர்கள் குறைவு.
ஆனாலும் எங்கள் தெலுங்கைக் கேட்டு
தக்காளி மண்டியில் சிரித்தார்கள்.
சோளரொட்டி தட்டிய கை
களி கிண்டப் பார்த்தது.
முதல் நாள் கட்டி கட்டியாக வந்ததைப் பார்த்து
ஜல்லி அருமை என்றார் அப்பா.

பெயர் விஷயமும் சொல்லிவிடுகிறேன்.
அப்பா நர்சிம்லு.
மஸ்டர் ரோலில் நரசிம்மன்.
ரேஷன் கார்டில் நரசிம்.
வாக்காளர் பட்டியலில் நரசம்மாள், பெண், வயது 41.
மூன்று பேருக்கும் கூலி ஒன்றுதான்.
பள்ளியில் சார் இனிஷியல் கேட்டார்.
நாங்கள் முழித்தோம்.
பாலமூர்தானே என்று
எல்லோருக்கும் 'பா' போட்டார்.
பதினேழு வீட்டுப் பிள்ளைகளும்
ஒரே பேனாவில் பிறந்தோம்.
பின்னால் நான் பா. கிஷ்டய்யாவைக் கட்டிக்கொண்டபோது
பதிவு ஆபீசில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
எங்களை மறுபடி பார்த்தார்கள்.

அஞ்சிலம்மாவின் பிள்ளை
கரைக்குக் கீழே, ஊமத்தஞ்செடிப் பக்கம்.
பெயர் வைத்திருக்கவில்லை.
அதனால் எழுத்துப்பிழையும் இல்லை.
முதல் பெரிய ரயில் மாலை போட்டுக்கொண்டு போன அன்று
ஊரே ஸ்டேஷனில்.
அவள் மட்டும் அங்கே நின்றாள்.
டிரைவர் கையசைத்தார் என்று
இன்றைக்கும் சொல்கிறாள்.

ஆணியடிக்க வந்தவர்களில் ஒருவன் என் மகன்.
பரீட்சை எழுதி டிராக்மேன் ஆனவன்.
நோட்டீசைத் தலைகீழாக அடித்துவிட்டுப் போயிருக்கிறான்.
தெரிந்தா தெரியாமலா, நான் கேட்கவில்லை.
ராத்திரி சாப்பிட வந்தான்.
நிறையச் சாப்பிட்டான்.

பெட்டிகளில் மூன்றை
இரும்பு விலைக்கு எடை போட்டுவிட்டீர்கள்.
நாலாவதில் நான் இருக்கிறேன்.
கூரைக்குத் தகரமும் வாசலுக்கு இரண்டு படியும் என்னுடையவை.
பெட்டி உங்களுடையதுதான், மறுக்கவில்லை.
உருட்டிக்கொண்டு போங்கள்.
முப்பதடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
சின்னப் பாதை போட ஆள் தேவைப்பட்டால்
தூரம் போகவேண்டாம், எங்களைக் கேளுங்கள்.
முன்பணம் நானூறு இப்போது கட்டாது.

நேரில் வருவதானால் மதியத்துக்கு மேல் வாருங்கள்.
அதுவரை மண்டியில் கூடை தூக்குகிறேன்.

இப்படிக்கு,
பா. சாயம்மா