தேங்காய் நீர்

சஜ்ஜாவில் கொசு கிடையாது என்று
வந்த முதல் நாளே சொல்லிவிட்டான் முத்திருளன்.
"மணலுக்குள்ள எதுடா முட்டை வைக்கும்?"
மறுக்க எங்களுக்கும் மனசில்லை.

டேங்கர் வாரத்துக்கு இரண்டு நடை.
மீதி நாளுக்கு
ஏசியின் பின்புறம் சொட்டும் ஓசித் தண்ணீர்.
பெயிண்ட் வாளியைக் கழுவி
அதன் அடியில் வைத்தவன் நான்.
இராமநாதபுரத்துக்காரனுக்கு
ஒரு சொட்டு வீணாய்ப் போனாலும் பொறுக்காது.

மழை வந்தது ஒருநாள்,
இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து.
வடிந்தபின் சுவரெல்லாம் அறிவிப்பு, ஏழு மொழியில்.
தமிழில் மட்டும்
"தேங்காய் நீரை உடனே அகற்றவும்."
மூன்று நாள் சிரித்தோம்.
மெஸ்ஸில் ரசம் நீர்த்திருந்தால்கூட
அகற்றுடா, அகற்றுடா.

புகையடிக்கும் வண்டி வந்தபோது
குழம்பில் மருந்து விழும் என்று கதவைச் சாத்தினோம்.
கையில் பூசக் கொடுத்த களிம்பு
ஷூவுக்குப் பாலிஷ் ஆனது.
மொஃபிஸ் மட்டும் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து
பட்டப்பகலில் நீல வலை கட்டிப் படுப்பான்.
"புதுப்பொண்ணு தூங்குது, சத்தம் போடாதே" என்போம்.
மேல்கட்டிலில் முத்திருளன்,
அவனும் நைட் ஷிஃப்ட்தான்,
சட்டையில்லாமல், ஒரு கை தொங்க.
பகலில் கடிக்கிற ஜாதி அது.
பிறகுதான் தெரிந்தது.

காய்ச்சலுக்கு முதலில் இரண்டு மாத்திரை.
லீவு போட்டால் ஒருநாள் கூலி போச்சு.
"எலும்புக்குள்ள எவனோ வெல்டிங் வெக்கிறான்டா"
என்றான் வெல்டர்.
நாலாம் நாள் பல் தேய்த்த நுரை சிவப்பாய் வந்தது.
போர்மேன் ஷாஜன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனான்.

பிறகு தினமும் சாயங்காலம்
"இன்னிக்கு எவ்வளவு?"
திர்ஹம் ரேட் கேட்கும் அதே குரல்.
முப்பத்தெட்டாயிரம். முப்பத்தோராயிரம்.
ரேட் இறங்கியதற்கு இப்படி யாரும்
தலை குனிந்து உட்கார்ந்ததில்லை.
பப்பாளி இலைக்கு ஒருவன் அஜ்மான் வரை போனான்.

அன்றிரவு போன் வெளிச்சத்தில்
என் வாளியைப் பார்த்தேன்.
கமா கமாவாய் நெளிந்தன,
அத்தனையும் நான் வளர்த்தவை.
கவிழ்த்தேன்.
கண் இமைப்பதற்குள் மணல் குடித்துவிட்டது.
யாரிடமும் சொல்லவில்லை,
இதை எழுதும்வரை.

பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தான்,
பெல்ட்டில் புதுசாய் இரண்டு ஓட்டை.
முதல் கேள்வி, "வாளி எங்கடா?"
உடைஞ்சு போச்சு என்றேன்.
"ஓசித் தண்ணி மண்ணுல போகுதே" என்று
தானே ஒன்று கொண்டுவந்து வைத்தான்.

பழைய கைலியை மடித்து அதன் வாயில் போட்டு
பைண்டிங் கம்பியால் இறுக்கினேன்.
வெள்ளிக்கிழமைதோறும் கொட்டிவிட்டு
உள்சுவரைப் பிரஷ்ஷால் தேய்க்கிறேன்.
எதுக்குடா இந்த வேலை என்கிறான்
நீல வலைக்குள் இருந்து.
மொஃபிஸின் பழைய வலை அது,
காசு வாங்காமல் தந்தது.

"தேங்காய் நீரை அகற்றுறேன்" என்கிறேன்.
அறையே சிரிக்கிறது.
நான் கொஞ்சம் தாமதமாக.