எழுதாமல் விட்ட அடையாளம்

எட்டு நாள் நான் அறிவிப்பு ஒட்டவில்லை.
முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, பொர்வெனிரில் என் பஞ்சர் கடைக்கு
மீன் லாரி ஒன்று நொண்டிக்கொண்டு வந்தது.
உதிரி டயரை இறக்கக் குனிந்தேன்.
குழிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பூனை,
உப்பும் டீசலும் மணக்க,
என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.
"எனக்குத் தெரியாது, யெர்கோ" என்றான் ஓட்டுநர்,
"படகு கிளம்பும்போதே தூங்கிவிட்டேன்."

மகெல்லன் நீரிணையை
டிக்கெட் இல்லாமல் கடந்த பூனை.

பெயர் வைக்கவில்லை.
வைத்தால் வைத்துக்கொண்டதாகிவிடும்.
ஏய் என்றேன். நீ என்றேன்.
கோழி ஈரல் வாங்கிய காசை
இதர செலவில் எழுதினேன்.
வேலைக்காரப் பையனிடம்
"அந்த நட்டை எடுடா" என்று கத்தும்போதெல்லாம்
தலையைத் தூக்கிப் பார்த்தது.
சத்தம் பிடிக்கவில்லை போல.
இரவில் காற்று தகரத்தை உலுக்கினால்
காது மட்டும் திரும்பும், உடம்பு அசையாது.
மிலேனா போன பிறகு
இந்த வீட்டில் இன்னொரு மூச்சு.

பூனை கண்ணை மூடிக்கொண்டால்
உலகம் இருண்டுவிடுமாம்.
அந்த எட்டு நாளும்
கண்ணை மூடியிருந்தது பூனையல்ல.

ஒன்பதாம் நாள் கால்நடை மருத்துவர் இக்னாசியா
சக்கரத்துக்குக் காற்றடிக்க வந்தாள்.
"யாருடையது?"
"தெரியாது."
"தேடினாயா?"
நான் காற்றுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கருவியைத் தோளோடு ஓட்டினாள். சில்லு இல்லை.
கழுத்து முடியை விலக்கிக் காட்டினாள்,
பட்டை தேய்த்த தடம்.
"எழுதி ஒட்டு. எல்லாவற்றையும் எழுதிவிடாதே.
ஒன்றை உனக்குள் வைத்துக்கொள்.
வருகிறவர்கள் அதைச் சொல்லட்டும்."

எழுதியது: சாம்பல் நிறம், பெண், லாரியில் வந்தது.
எழுதாமல் விட்டது:
இடது பின்காலில் ஒரு விரல் இல்லை.

இந்த ஊர்க் காற்றில் பசை நிற்காது.
நான்கு மூலைக்கும் ஆணி,
ஆணிக்கடியில் டியூப் ரப்பர்.
ரொட்டிக்கடை, படகுத்துறை, மாதா கோயில் வேலி.
இரண்டு தாளைப் படகுக்காரரிடம் கொடுத்து
அக்கரைக்கும் அனுப்பினேன்.
அனுப்பும்போது,
காற்று பிடுங்கிக்கொண்டு போனால் போகட்டும் என்றும்
ஒரு மூலையில் நினைத்தேன்.

முதல் அழைப்பு ஒரு சிறுவன்: "அது ஆண்தானே?"
அடுத்து ஒருத்தி. அவள் பூனை கறுப்பாம்,
ஆனால் வெயிலில் சாம்பலாகத் தெரியுமாம்.
இல்லையம்மா என்று சொல்ல
எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

மூன்றாவது குரல் புந்தா அரேனஸிலிருந்து.
"எதுவினா ஒயார்சோ. சந்தையில் நண்டு உடைக்கிறேன்.
பத்தொன்பது நாளாய், நான் போட்டிருந்த சட்டையை
இரவில் வாசற்படியில் வைக்கிறேன்,
மணம் பிடித்து வரட்டுமென்று.
மூன்று சட்டை காற்றோடு போய்விட்டது."
"அடையாளம்?"
"இடது பின்கால். ஒரு விரல்.
குட்டியாக இருந்தபோது, என் கத்திதான்."

நான் பேசவில்லை.
"உயிரோடிருக்கிறதா? அதை மட்டும் சொல்லுங்கள்."

சனிக்கிழமை ஆப்பிள் பெட்டியில் துளை போட்டு,
என் அழுக்குப் பனியனை அடியில் விரித்து,
படகேறினேன். வழியெல்லாம் அலை.
அது கத்தவே இல்லை, நான்தான் வாந்தியெடுத்தேன்.

துறையில் நின்றவள் கை நீட்டவில்லை.
நண்டு மணக்கும் விரல்களைப் பின்னால் கட்டிக்கொண்டு,
குனிந்து,
துளை வழியாக மெல்லச் சொன்னாள்:
"நட்டு."

பெட்டிக்குள் இருந்தது எழுந்து நின்றது.

எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறேன்,
எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருக்கிறது.

பனியனை அவள் திருப்பித் தரவில்லை.
"கொஞ்ச நாள் இது இல்லாமல் தூங்காது" என்றாள்.

ஞாயிறு முழுக்க அறிவிப்புகளைக் கழற்றினேன்.
வேலியில் ஒன்று மட்டும் வரவில்லை,
அவ்வளவு ஆழமாக அடித்திருக்கிறேன் ஆணியை.
திங்கட்கிழமை பையனிடம்
"அதை எடுடா" என்றேன்.
"எதை?" என்றான்.
கையை நீட்டிக் காட்டினேன்.